நடந்து பழகினால் தாளம் வரும்: எமில் ஜாக்-டால்குரோஸ் காட்டிய வழி

பாலர் பள்ளியில் ஆசிரியர் இசையை ஒலிக்க விடுகிறார். பிள்ளைகள் வகுப்பறையைச் சுற்றி நடக்கிறார்கள். இசை வேகமானால் ஓடுகிறார்கள். மெதுவானால் அடியைத் தளர்த்துகிறார்கள். இசை நின்றால் அசையாமல் நிற்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பொழுதுபோக்கு விளையாட்டாகத் தெரியும். இதையே இசைக்கல்வியின் முதல் பாடமாக்கி, அதற்கு முறையான வடிவம் கொடுத்து, அதன் பொருட்டு எதிர்ப்பையும் இழப்பையும் சந்தித்த ஓர் ஆசிரியர் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்தார். அவர் எமில் ஜாக்-டால்குரோஸ்.

பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கும் நடன வகுப்புக்கும் மிருதங்க வகுப்புக்கும் அனுப்பும் பெற்றோர் நம்மிடையே நிறையப் பேர். சில மாதங்கள் போனதும் இந்தப் பிள்ளைக்குத் தாளம் வராது என்று முடிவுகட்டி நிறுத்திவிடுவதும் நடக்கிறது. அப்படி முடிவுகட்டுவது சரிதானா என்ற கேள்விக்கே டால்குரோஸ் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்தார். அவர் கண்ட விடை இன்றும் நமக்குப் பயன்படக்கூடியது.

கடிகார வணிகரின் மகன்

எமில் 1865ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் பிறந்தார். பெற்றோர் இருவரும் சுவிஸ் நாட்டவர். தந்தை ஜூல் ஜாக், சுவிஸ் கடிகார நிறுவனங்களின் பிரதிநிதியாக வியன்னாவில் இருந்தார். தாயார் ஜூலி இசை ஆசிரியை. குழந்தைகள் தாமே கண்டும் செய்தும் கற்க வேண்டும் என்று போதித்த சுவிஸ் கல்வியாளர் பெஸ்டலோட்சியின் கருத்துகளில் அந்த அம்மையாருக்கு ஈடுபாடு அதிகம். எமிலுக்கும் அவர் தங்கை எலேனுக்கும் வீட்டிலேயே இசை கிடைத்தது.

1875இல் குடும்பம் ஜெனீவாவுக்குக் குடிபெயர்ந்தது. எமிலுக்கு அப்போது பத்து வயது. இரண்டு ஆண்டுகளில் ஜெனீவா இசைக் கல்லூரியில் சேர்ந்தார். இளமையில் அவருக்கு இசையும் நாடகமும் ஒன்றாகவே பிடித்திருந்தன. 1884இல் பாரிஸ் சென்று, புகழ்பெற்ற இசையமைப்பாளர் டெலிபிடம் பயின்றார், நடிப்பும் கற்றார். உடலைக் கொண்டு உணர்ச்சியைக் காட்டும் கலை அவருக்கு அங்கேதான் அறிமுகமானது. பின்னாளில் அது பெரிதும் கைகொடுத்தது.

அல்ஜியர்ஸில் கேட்ட தாளங்கள்

1886இல் அவருக்கு வட ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸ் நகரில் வேலை கிடைத்தது. அங்கிருந்த ஒரு நாடக அரங்கின் இசைக்குழுவுக்குத் துணை நடத்துநர். வயது இருபத்தொன்று. அங்கே அவர் அரபு இசையைக் கேட்டார். ஐரோப்பிய இசை அக்காலத்தில் பெரும்பாலும் இரண்டு, மூன்று, நான்கு என்ற எண்ணிக்கைகளிலேயே நடந்தது. அல்ஜியர்ஸ் இசைக் கலைஞர்களோ ஐந்தும் ஏழுமாகத் தாளக்கணக்கை மாற்றி மாற்றிப் போட்டார்கள். கண்டநடையும் மிச்ரநடையும் கேட்டுப் பழகிய நமக்கு இது புதிதல்ல. ஐரோப்பாவில் இசை படித்த இளைஞருக்கு அது பெரிய வியப்பு. தாம் கற்ற தாளம் முழுத் தாளமல்ல என்ற எண்ணம் அவருக்கு அங்கே உண்டானது.

அடுத்து வியன்னா. அங்கே அன்டன் புருக்னரிடம் சேர்ந்தார். ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒத்துப்போகவில்லை. பிறகு மீண்டும் பாரிஸ். அங்கே சுவிஸ் நாட்டவரான மத்தீஸ் லூசியைச் சந்தித்தார். இசையில் தாளமும் உணர்ச்சியும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதை ஆராய்ந்தவர் லூசி. டால்குரோஸ் பின்னர் வகுத்த முறைக்கு அவருடைய ஆராய்ச்சியும் ஓர் அடித்தளம்.

அவருடைய பெயருக்கும் ஒரு கதை உண்டு. பிறப்பில் அவர் எமில் ஜாக் மட்டுமே. அதே குடும்பப் பெயரில் வேறோர் இசையமைப்பாளர் பிரான்சில் இருந்ததால் குழப்பம் வரும் என்று பதிப்பாளர் கருதினார். வல்குரோஸ் என்ற நண்பரின் பெயரில் முதல் எழுத்தை மட்டும் மாற்றி, டால்குரோஸ் என்பதைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டார்.

காகிதத்தில் இசை, காதில் இல்லை

1892இல் ஜெனீவா இசைக் கல்லூரி அவரைப் பேராசிரியராக நியமித்தது. அவர் நடத்த வேண்டிய பாடம், பல சுரங்களை ஒரே நேரத்தில் இணைத்து ஒலிக்கச் செய்யும் ஒத்திசைவு. வகுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் கெட்டிக்காரர்கள். விதிகளை மனப்பாடம் செய்து தாளில் பிழையில்லாமல் எழுதினார்கள். ஆனால் தாங்கள் எழுதியது எப்படி ஒலிக்கும் என்று கேட்டால் பலருக்குத் தெரியவில்லை. எழுதிய சுரங்கள் அவர்கள் காதில் ஒலிக்கவே இல்லை.

இது அவரை உறுத்தியது. முதலில் காதுக்குப் பயிற்சி கொடுத்தார். சுரங்களைப் பாடவும் கேட்டு அடையாளம் காணவும் பழக்கினார். முன்னேற்றம் தெரிந்தது. இன்னொரு குறை மட்டும் அப்படியே இருந்தது. பல மாணவர்களால் வேகத்தைச் சீராக வைத்திருக்க முடியவில்லை. எளிதான இடத்தில் ஓடினார்கள். கடினமான இடத்தில் தயங்கினார்கள். எவ்வளவு திருத்தினாலும் பழையபடிதான்.

இங்கேதான் அவர் ஒன்றைக் கவனித்தார். பியானோவின் முன்னால் தாளம் தவறும் அதே மாணவர்கள் தெருவில் நடக்கும்போது அடி பிசகாமல் நடந்தார்கள். இசை கேட்டால் தங்களை அறியாமல் தலையை அசைத்தார்கள், காலைத் தட்டினார்கள். அப்படியானால் தாளம் அவர்களிடம் இருக்கிறது. உடலில் இருப்பது விரலுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். தாளம் வராது என்று சொல்லப்பட்டவர்களை அவர் இந்தக் கண்ணோடு பார்க்கத் தொடங்கினார்.

உடல்தான் முதல் வாத்தியம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். மனம் நினைப்பதை உடல் உடனே செய்ய வேண்டும். அந்த வழி திறந்திருக்க வேண்டும். அதற்கு வயது வந்தவர்களைவிடப் பிள்ளைகள் ஏற்றவர்கள். ஆகவே பயிற்சியைச் சிறுவயதிலேயே, வாத்தியத்தைத் தொடுவதற்கு முன்பே தொடங்க வேண்டும் என்றார்.

விளையாட்டாக நடந்த பாடம்

அவருடைய வகுப்பில் மேசையும் நாற்காலியும் இல்லை. திறந்த கூடம், மூலையில் ஒரு பியானோ. டால்குரோஸ் பியானோவில் அமர்ந்து, அந்த நேரத்தில் மனத்தில் தோன்றுவதை வாசிப்பார். பிள்ளைகள் கேட்டுக்கொண்டே நடப்பார்கள்.

முதல் பாடம் துடிப்பு. தைப்பூசத்தில் உறுமி மேளம் அடிப்பவர்கள் எத்தனையோ விதமாக அடித்தாலும், அத்தனைக்கும் அடியில் ஒரே சீரான அடி ஓடிக்கொண்டிருக்கும். காவடி எடுப்பவரின் கால் அந்த அடியில்தான் விழும். அதுவே துடிப்பு. அதன்மேல் நீண்டும் குறுகியும் விழும் அடிகளின் அமைப்பு தாளநடை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைக்குச் சொல்லி விளங்கவைப்பது கடினம். நடந்தால் தானே விளங்கிவிடும்.

சாதாரண நடை ஓர் அடி. ஓட்டம் அதில் பாதி. மெதுவாக எடுத்துவைக்கும் பெரிய எட்டு இரண்டு மடங்கு. பிள்ளைகள் இப்படி நடந்தும் ஓடியும் பழகிய பிறகே, அவற்றை எழுதிக்காட்டும் குறியீடுகள் கரும்பலகைக்கு வரும். முதலில் உடல், பிறகு எழுத்து என்பது அவர் வைத்த வரிசை. வழக்கமான இசை வகுப்பில் இது தலைகீழாக இருந்தது.

அடுத்த விளையாட்டு, கட்டளைக்கு உடனே மாறுவது. பிள்ளைகள் நடந்துகொண்டிருக்கும்போது ஆசிரியர் ஒரு சொல்லை உரக்கச் சொல்வார். உடனே திசை மாற வேண்டும்; அல்லது குதிக்க வேண்டும்; அல்லது வேகம் இரட்டிப்பாக வேண்டும். காதைத் தீட்டிக்கொண்டு இருந்தால்தான் முடியும். கவனம் சிதறும் பிள்ளையை அதட்ட வேண்டிய வேலையே அங்கு இல்லை. விளையாட்டிலிருந்து பின்தங்க விரும்பாத பிள்ளை தானாகவே கவனிக்கிறது.

தேர்ந்த பிறகு கையும் காலும் வெவ்வேறு வேலை செய்யும். கைகள் தாளக்கணக்கைக் காட்ட, கால்கள் பாட்டின் நடையை நடக்கும். இன்னொரு பயிற்சியில், ஆசிரியர் வாசித்ததைப் பிள்ளைகள் ஒரு சுற்று தாமதமாக நடந்து காட்ட வேண்டும். முந்தியதைச் செய்துகொண்டே அடுத்ததைக் கேட்டு மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்கும் இது எளிதல்ல.

அசைவில் மூன்று விஷயங்கள் சேர்ந்தே வரும் என்பது அவருடைய பாடத்தின் சாரம். எவ்வளவு நேரம், எவ்வளவு இடம், எவ்வளவு விசை. பெரிய எட்டு எடுத்துவைத்தால் அதிக நேரமும் அதிக இடமும் வேண்டும். விசையை அதற்கேற்ப அளந்து கொடுக்க வேண்டும். பந்தை அடுத்தவருக்கு உருட்டிவிடும் பிள்ளை, அது சரியாக அடுத்த அடியில் போய்ச் சேர வேண்டும் என்றால், இந்த மூன்றையும் கணக்கிட்டே ஆக வேண்டும். அந்தக் கணக்கை மூளைக்கு முன்பே கை கற்றுக்கொள்கிறது.

பிள்ளைகளுக்காக அவர் நிறையப் பாடல்களும் இயற்றினார். அசைவுகளோடு பாட வேண்டியவை அவற்றில் பல. பிரெஞ்சு மொழி பேசும் சுவிஸ் பகுதிகளில் அவர் பெயர் முதலில் பரவியது இந்தப் பாடல்களால்தான்.

வெறுங்காலுக்கு வந்த எதிர்ப்பு

அந்தக் காலத்து ஜெனீவா கட்டுப்பாடான ஊர். மாணவிகள் கைகால் அசைய வசதியான உடையில், காலணி இல்லாமல், கூடத்தில் ஓடியாடுவதை மதிப்புக்குரிய குடும்பங்கள் பல விரும்பவில்லை. இசைக் கல்லூரியில் இதற்கெல்லாம் என்ன வேலை என்று கேட்டவர்களும் இருந்தார்கள். கல்லூரி நிர்வாகம் இதைப் பாடத்திட்டத்தில் சேர்க்கத் தயங்கியது. விரும்பி வந்த மாணவர்களைக் கொண்டு அவர் சோதனையைத் தொடர்ந்தார்.

துணைக்கு ஒரு சிலர் நின்றார்கள். அவர்களில் ஒருவர் ஜெனீவாவின் உளவியல் அறிஞர் எதுவார் கிளாபரேட். இசை ஆசிரியர் ஒருவர் கூடத்தில் கண்டுகொண்டதும் உளவியல் சொல்வதும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன என்று அவர் ஊக்கப்படுத்தினார். 1899இல் டால்குரோஸ் மணந்த பாடகி நீனா ஃபலியேரோவும் அவருடைய பணிக்கு உறுதுணையாக இருந்தார்.

1905இல் சோலோத்தூர்ன் நகரில் நடந்த இசை ஆசிரியர் மாநாட்டில் தம் முறையை அவர் செய்து காட்டினார். அதைப் பார்த்தவர்கள் வழியாகப் பேச்சு பரவியது. அடுத்த ஆண்டே முறையை விளக்கும் நூல் வெளிவந்தது. மாணவர்களை அழைத்துக்கொண்டு ஐரோப்பாவின் பல நகரங்களுக்குச் சென்று செயல்விளக்கம் நடத்தினார்.

எல்லெராவ் தந்த வாழ்வு

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்கு அருகே எல்லெராவ் என்ற புதிய குடியிருப்பு அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. மரச்சாமான் தொழிற்சாலை ஒன்றைச் சுற்றி, தொழிலாளர்கள் நல்ல காற்றும் வெளிச்சமும் பெற்று வாழ வேண்டும் என்று திட்டமிடப்பட்ட தோட்ட நகர் அது. அங்கே வேலையும் கலையும் கல்வியும் சேர்ந்திருக்க வேண்டும் என்று விரும்பியவர் வோல்ஃப் டோர்ன். அவரும் அவருடைய சகோதரர் அரால்டும் 1910இல் டால்குரோஸை அழைத்தார்கள். அவருக்கென்றே ஒரு கல்விக்கூடம் கட்டித் தருவதாகச் சொன்னார்கள்.

சொன்னபடியே 1911இல் கட்டுமானம் தொடங்கியது. கட்டடக் கலைஞர் ஐன்ரிக் டெஸ்ஸனோவ் வடிவமைத்த பெரிய கூடத்தில் மேடைக்கும் பார்வையாளருக்கும் இடையே திரை கிடையாது. சுவரிலும் கூரையிலும் துணிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான விளக்குகள். இசைக்கு ஏற்ப ஒளி கூடும், குறையும். பல நாடுகளிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். குடியிருப்புப் பிள்ளைகளும் அங்கே தாளப் பயிற்சி பெற்றார்கள். தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் வெளிநாட்டிலிருந்து கலை பயில வந்தவரும் ஒரே வளாகத்தில் கற்றது அந்தக் காலத்தில் அரிது.

1912, 1913 ஆண்டுகளில் அங்கு நடந்த விழாக்களுக்கு ஐரோப்பாவின் கலையுலகமே திரண்டது. நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா வந்தார். ரஷ்ய நடனக் குழுவின் தியாகிலெவும் நிஜின்ஸ்கியும் வந்தார்கள். ஸ்ட்ராவின்ஸ்கி அமைத்த மிகச் சிக்கலான தாளங்களுக்கு நடனம் அமைக்கத் திணறிய நிஜின்ஸ்கிக்கு உதவ, இங்கிருந்துதான் மேரி ராம்பெர்ட் என்ற மாணவியை அழைத்துச் சென்றார்கள். அவர் பின்னாளில் இங்கிலாந்தின் பாலே நடனத்தை வளர்த்தவர்களில் ஒருவரானார். லண்டனிலும் 1913இல் டால்குரோஸ் முறைக்கென ஒரு பள்ளி தொடங்கியது.

ஒரு கையெழுத்தின் விலை

வளர்ச்சி நீடிக்கவில்லை. 1914 பிப்ரவரியில் வோல்ஃப் டோர்ன் பனிச்சறுக்கு விபத்தில் இறந்தார். அந்தக் கோடையில் டால்குரோஸ் ஒரு பெரிய விழாவுக்காக ஜெனீவாவில் இருந்தார். ஜெனீவா சுவிட்சர்லாந்தோடு இணைந்து நூறு ஆண்டுகள் நிறைவடைந்ததைக் கொண்டாடும் விழா அது. விழா முடிந்த சில வாரங்களில் முதல் உலகப் போர் மூண்டது.

செப்டம்பரில் ஜெர்மன் படை பிரான்சின் ரைம்ஸ் நகரப் பேராலயத்தைப் பீரங்கியால் தாக்கியது. நூற்றாண்டுகள் பழமையான அந்தக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. ஜெனீவாவின் கலைஞர்களும் அறிஞர்களும் அதைக் கண்டித்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். டால்குரோஸும் கையெழுத்திட்டார்.

அந்தக் கையெழுத்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அவருடைய கல்விக்கூடம் இருந்தது ஜெர்மனியில். அவரை அழைத்தவர்களும் வளர்த்தவர்களும் ஜெர்மானியர்கள். அறிக்கை வெளியானதும் ஜெர்மனியில் கடும் சினம் கிளம்பியது. நன்றி மறந்தவர் என்று பத்திரிகைகள் தாக்கின. அவரால் எல்லெராவுக்குத் திரும்ப முடியாமல் போனது. அவருக்கென்று கட்டிய கூடத்தை மூன்றே ஆண்டுகளில் இழந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பது.

அந்தக் கட்டடத்தின் பின்கதையும் சோகமானது. நாஜி ஆட்சியில் அது காவல் படையின் பயிற்சி இடமானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சோவியத் வீரர்கள் பல ஆண்டுகள் தங்கினார்கள். இப்போதுதான் மீண்டும் கலை நிலையமாக இயங்குகிறது.

மீண்டும் ஜெனீவாவில்

ஒரு காலத்தில் தயங்கிய ஜெனீவா இம்முறை அவரைக் கைவிடவில்லை. நண்பர்களும் ஆதரவாளர்களும் பொருள் திரட்டினார்கள். 1915இல் அவர் பெயரிலேயே ஒரு நிலையம் திறக்கப்பட்டது. எஞ்சிய முப்பத்தைந்து ஆண்டுகளும் அதுவே அவருடைய களம். 1920இல் அவருடைய கட்டுரைகள் நூலாக வந்தன. தாளம், இசை, கல்வி ஆகிய மூன்றையும் இணைத்துப் பேசும் அந்த நூல் பல மொழிகளுக்குச் சென்றது. பார்வையற்ற பிள்ளைகளுக்கு அசைவின் வழியாக இடத்தையும் தூரத்தையும் உணர்த்தும் பயிற்சிகளைப் பற்றியும் அவர் எழுதினார்.

1950ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி, எண்பத்தைந்தாம் பிறந்தநாளுக்கு ஐந்து நாள் இருக்கையில், ஜெனீவாவில் காலமானார். அவர் தொடங்கிய நிலையம் இன்றும் அங்கே இயங்குகிறது, ஆசிரியர்களையும் பயிற்றுவிக்கிறது.

ஜெர்மனியில் கார்ல் ஓர்ஃப், அங்கேரியில் சோல்டான் கொடாய் ஆகியோர் பின்னர் உருவாக்கிய குழந்தைகள் இசைக்கல்வி முறைகளிலும் அவருடைய சிந்தனையின் தடம் உண்டு. எங்கோ ஒரு பள்ளியில் பிள்ளைகள் கைதட்டியும் நடந்தும் இசை கற்கிறார்கள் என்றால், அந்த வழியில் முன்னால் போனவர்களில் அவர் முக்கியமானவர்.

அவர் எதிர்பாராத இடத்திலும் அவருடைய முறை பயன்பட்டது. தடுக்கி விழும் அபாயம் உள்ள 65 வயதுக்கு மேற்பட்ட 134 பேரைக் கொண்டு ஜெனீவாவில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2011இல் மருத்துவ இதழில் வந்தன. வாரம் ஒரு முறை என ஆறு மாதம் டால்குரோஸ் பயிற்சி செய்தவர்கள், செய்யாதவர்களைவிடப் பாதிக்கும் குறைவாகவே விழுந்தார்கள். பியானோவைக் கேட்டு அடியெடுத்துவைக்கும் அதே பயிற்சிதான்.

வீட்டிலேயே தொடங்கலாம்

டால்குரோஸின் வகுப்பை முழுமையாக நடத்தத் தேர்ந்த ஆசிரியர் வேண்டும். அதன் முதல் படியை நடத்தப் பெற்றோரே போதும். பியானோ வேண்டியதில்லை. ஒரு காலி பிஸ்கட் டின்னும் ஒரு கரண்டியும் இருந்தால் சரி.

பிள்ளையை அதன் போக்கில் நடக்கவிட்டு, அந்த நடைக்கு நீங்கள் தட்டுங்கள். முதலில் நாம் பிள்ளையின் வேகத்தைப் பின்பற்ற வேண்டும். நம் வேகத்தைத் திணிக்கக்கூடாது. தான் நடப்பதற்கு ஓசை வருகிறது என்று பிள்ளைக்குப் புரிந்ததும், தட்டுவதைச் சற்று வேகமாக்குங்கள். பிள்ளை தானே வேகத்தைக் கூட்டும். பிறகு திடீரென்று நிறுத்துங்கள். பிள்ளையும் நின்றால், அது கேட்கிறது என்று பொருள்.

இரண்டாவது, பிள்ளைக்குப் பிடித்த ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே நடக்கச் செய்து, இடையில் வாயை மூடச் சொல்லுங்கள். கால் மட்டும் நடக்கட்டும். பாட்டு மனத்துக்குள் ஓடட்டும். சில அடிகள் கழித்து மீண்டும் வாய்விட்டுப் பாடச் சொல்லுங்கள். சரியான இடத்தில் பாட்டைப் பிடித்துக்கொண்டால், துடிப்பு உள்ளே நிலைத்துவிட்டது.

மூன்றாவது, எதிரெதிரே அமர்ந்து பந்தை உருட்டும் விளையாட்டு. அண்ணனும் தங்கையும் ஆடலாம். தாத்தா பாட்டியும் சேர்ந்துகொள்ளலாம். ஒரு பாட்டின் ஒவ்வோர் அடிக்கும் பந்து கைமாற வேண்டும்.

தினமும் பத்து நிமிடம் போதும். தவறினால் திட்ட வேண்டாம். நடையை விட்டு மறுபடி தொடங்கினால் ஆயிற்று. தாளம் வராது என்று வகுப்பிலிருந்து நிறுத்தப்பட்ட பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், சில வாரம் இதைச் செய்துவிட்டு மீண்டும் வகுப்புக்கு அனுப்பிப் பாருங்கள்.